பன்னிரண்டு பருக்கைகள்

பெரம்பலூர்,
9 நவம்பர் 2025, ஞாயிறு காலை 7.10.
பருக்கைகள்: பன்னிரண்டு.

பாப்பா அம்மாவுக்கு,

சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் சாப்பிட உட்கார்ந்த இறுதி இராவுணவுப் பித்தளைத் தகட்டைத் துலக்கி அரியலூருக்குக் கொடுத்தனுப்பச் சொல்லி உன் தம்பி போன் செய்தான். "அக்கா இனி அந்த வூட்டுக்கு வராது மாமா. சோறும் சரியா திங்கிறதில்ல" என்றான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கழற்றினேன்.

புடைப்பாக இருக்கும் முகங்களில், வாய்க்கு நேராக, காய்ந்த சோற்றுப் பருக்கைகள். ஆளுக்கு ஒன்று. சுவரில் எறும்பு ஏறுகிறது என்று நீ கத்தினாயே, விரிசல் என்று நினைத்து நான் இரண்டு முறை சிமெண்ட் பூசினேனே, காரணம் இதுதான்.

எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பதால் பாப்பா அதைக் கல்யாணப் பந்தி என்றுதான் சொல்லும். நாற்காலியில் ஏறி நின்று ஊட்டியிருக்கிறது. பாப்பாவை அடக்கம் செய்த பிறகும் அந்த நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது.

நடுவில் இருக்கும் இயேசுவுக்கு மட்டும் பருக்கை இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலுக்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னது: "அவரு கைய விரிச்சுப் பரிமாறுறாருப்பா. அம்மா மாதிரி, எல்லாரும் சாப்ட்டப்புறந்தான் சாப்புடுவாரு."

இனி செய்யப்போவது:

1. தகட்டைத் துலக்க மாட்டேன்.
2. தகட்டையும் இந்தக் கடிதத்தையும் ஒன்பது மணி பஸ்ஸில் நானே கொண்டு வருவேன். எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதினேன்.
3. உனக்கு இலை போட்டு நான் பரிமாறுவேன். எல்லோரும் சாப்பிட்டாயிற்று. நீதான் பாக்கி.

பாப்பாவின் அப்பா