அத்தாவின் கை உப்பு

லான்மடாவ், ரங்கூன்

அன்பு மகள் மிஸ்பாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ரஃபாயேலும் அந்தக் கால்கரிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே நான் சுகம். உன் அத்தாவும் சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், எழுத வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ருமானா நாளைக்குச் சிங்கப்பூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போகிறாள், அங்கிருந்து தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்து நிதானமாகப் படி, வேலைக்கு நடுவில் படிக்காதே.

கரண்ட் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வந்தால் பெரிய காரியம். மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, நான் குடம் தூக்குகிறேன். நம் கடையில் கூட்டமும் இல்லை, தெருவில் இருந்த இளவட்டங்கள் பாதிப் பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள், டான்பவ் பிரியாணி தின்ன யார் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு சட்டி பிரியாணி, அதையும் அத்தாவின் கையாள் பீர் முகைதீன்தான் போடுகிறான். அத்தாவுக்கு மூட்டு வலி, அதனால் அடுப்படிக்குப் போவதில்லை என்று நோன்பு மாதத்திலிருந்து உன்னிடம் சொல்லி வருகிறேன் அல்லவா, அது பொய். அவர் மூட்டு என் மூட்டைவிட நன்றாக இருக்கிறது.

நோன்பு பதினேழாம் நாள் பள்ளிவாசலுக்கு நம் வீட்டுக் கஞ்சி. உனக்குத் தெரியும், ருசி பார்க்க நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று யார் சொன்னாலும் உன் அத்தா கேட்கமாட்டார், உப்பு கை அளவுதான், நாற்பது வருடமாக அதில் கூடியதும் இல்லை குறைந்ததும் இல்லை. அன்றைக்கும் உப்பைப் போட்டார், அஸர் தொழப் போனார், திரும்பி வந்து அதே சட்டியில் மறுபடி அதே அளவு போட்டார். பீர் முகைதீன் நின்று பார்த்திருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று பிறகு நான் சண்டை பிடித்தேன், “அண்ணன் கைய யாரு லாத்தா புடிப்பா, இன்னிக்கி அரிசி கூடுதலோன்னு நெனச்சேன்” என்றான். இருநூறு பேர் நோன்பு திறந்தார்கள். ஒருவரும் கோப்பையை மிச்சம் வைக்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றிக் குடித்தார்களாம். உன் அத்தா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “இன்னிக்கி யாரு காச்சுனது?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன்தானே காய்ச்சினீர்கள் என்று பீர் முகைதீன் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான், அதன் பிறகு கரண்டியைத் தொடவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மறதி நோய், மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், திருப்பித் தராது என்று சொல்லிவிட்டார்.

இதை உன்னிடம் மறைத்தது என் தப்பு. மருமகன் புதுக் கடைக்கு ‘அமீர் அலி’ என்று அத்தா பெயரில் பலகை அடித்துப் படம் அனுப்பியபோதே சொல்லியிருக்க வேண்டும். அத்தாவை ஆறு மாதம் அழைத்து அடுப்படியில் நிறுத்தப்போவதாக அவர் சொன்னபோதும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். பன்றிக் கொழுப்பில் சமைக்கிற ஜனம் என்று ஒரு வருடம் அவரோடு பேசாமல் இருந்தவள் நான், அந்த வெட்கம் என் வாயைக் கட்டிவிட்டது. மெக்சிகோவிலிருந்து வந்து, தாயும் மகனுமாகப் பனியில் நின்று, மக்காச்சோள மட்டையில் மாவை மடித்து அவித்து விற்று ஒரு கடையாக்கியவர், உனக்காகக் கொழுப்பையும் விட்டார், இரண்டாவது கடைக்கு மாமனார் பெயரையும் வைக்கிறார். உன் அத்தாதான் முதலிலேயே சொன்னார், “அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவன் கெட்டவனா இருக்க மாட்டான் நூரு” என்று. மருமகனிடம் நீயே பக்குவமாகச் சொல். டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல். அத்தாவை நம்பி அந்தக் கடையைத் திறக்காதீர்கள்.

மருமகன் உப்பு அளவு கேட்டிருந்தாரே, தன் தாய் மாவு பிசையும்போது பாத்திரத்துக்கு அடியில் தராசை ஒளித்துவைத்து எடை பிடித்ததாகச் சொல்லி, என்னையும் அதுபோல் செய்யச் சொன்னாரே. செய்தேன். அத்தாவிடம், ஒரு சட்டிக்குப் போடுகிற மாதிரி உப்பை ஒரு கை அள்ளித் தட்டில் போடுங்கள் என்றேன், தட்டுக்கு அடியில் தராசு. ஐந்து கியத்தா, உங்கள் கணக்கில் எண்பது கிராம். எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தேன், இன்னும் போடவில்லையே என்று அவராகவே மறுபடி அள்ளினார். அதே ஐந்து. ஏழு தடவை, மிஸ்பா, ஏழு தடவையும் முள் ஐந்தை விட்டு அசையவில்லை. கை எதையும் மறக்கவில்லை, போட்டதைத்தான் மறந்துவிடுகிறார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். எண்பது கிராம் என்று எழுதி வைத்துக்கொள், ஒன்றே முக்கால் வீசை அரிசிக்கு, அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு தடவைதான் போட வேண்டும்.

கடை திறப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு நீ இங்கே வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். வர முடிந்தால் இந்த வருடமே வா, அடுத்த வருடம் என்று சொல்லாதே. அல்லாஹ் உங்கள் இருவர் கையிலும் பரக்கத்தைத் தரட்டும், உன் மாமியாருக்கு என் சலாம்.

ஒன்றை மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது, சலாம் சொன்ன கையோடு, நான் மிஸ்பா, உங்கள் மகள் என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசு. போன வாரம் நீ அவரோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தாய் அல்லவா, வைத்ததும் என்னைப் பார்த்து, “நல்ல புள்ளையா இருக்கு, நம்ம வூட்டு விசயமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கே, யாரு வூட்டுப் பொண்ணு?” என்று கேட்டார்.

உன் அம்மா,
நூருன்னிசா