துண்டு சுத்தி வச்ச பெட்டி

மதினி,

காலையில பட்டாசுக் கம்பெனி வேன்ல பக்கத்துல இருந்த பொண்ணு வாழைப்பழம் உரிச்சா. அந்த வாசனை வந்ததும், திருத்தங்கல் தாண்டுற வரைக்கும் நீங்க என்கூடவே வந்தீக. வேலை முடிஞ்சு ஒரு பழம் தின்னா மூச்சுல உள்ள போன வெடிமருந்தெல்லாம் இறங்கிரும்னு நம்ம ரூம்ல எல்லாரும் நம்புவோம். எனக்கும் சேர்த்துக் கொண்டு வருவீக.

எங்க அண்ணனைக் கட்டி வந்த நாள்லயிருந்து நீங்கதான் எனக்குக் கூட்டாளி. பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற அந்தச் சின்ன ரூம்ல எதிரெதிரா உட்கார்ந்திருப்போம். வாசல் வெயில்ல அலுமினியத் தூசி மிதக்கும். தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி எனக்குத் தோணும். உங்க புருவம், காதோர முடி, கழுத்து மடிப்பெல்லாம் வெள்ளியாயிரும். அம்புட்டு அழகு. சிரிச்சா மட்டும் இருமல் வரும். அப்புறம் சிரிக்காமலும் வந்தது.

அந்தச் சமயத்துலதான் யுனிவர்சிட்டியும் சர்க்காரும் நம்ம கம்பெனியும் ஒண்ணா ஒரு திட்டம் போட்டாக. யுனிவர்சிட்டி ஆளுக தூசியை அளந்து சொல்லணும். கூடுதலா இருக்கிற ரூமுக்குத் தூசி இழுக்குற மெஷினைச் சர்க்கார் கொடுக்கும். மாட்டி ஓட்டுறது கம்பெனி பொறுப்பு. அந்த மெஷின் நம்ம ரூமுக்கு வந்துராதான்னு நீங்க தினம் வேன்ல கேப்பீக. மூச்சு முட்டுதுன்னு வாய் விட்டுச் சொல்ல மாட்டீக. அதுதான் காரணம்னு எனக்குத் தெரியும்.

யுனிவர்சிட்டி மேடம் ஒரு சின்னப் பெட்டியை உங்க கழுத்துக்குக் கீழ மாட்டி விட்டாக. தீப்பொறி வராத பெட்டி, வெளிநாட்டுச் சாமான், பத்திரம்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போனாக. புது டிவிக்கு உறை தைச்சுப் போட்டவுக நீங்க. பத்திரம்னு சொன்னா சும்மா இருப்பீகளா? தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துப் பெட்டியைச் சுத்திட்டீக. வேலை முடியவும் துண்டை எடுத்துட்டு, துடைச்சுக் கொடுத்தீக. இம்புட்டுச் சுத்தமா யாரும் திருப்பித் தரலைன்னு மேடம் மெச்சினாக.

கொஞ்ச நாள் கழிச்சு எல்லாரையும் கூப்பிட்டாக. நம்ம ரூம்ல காத்து நல்லா இருக்கு, மெஷின் தேவைப்படாதுன்னு கலெக்டர் ஆபீஸ் சார் வாசிச்சார். பரீட்சை பாஸான மாதிரி நாங்க கை தட்டினோம். நீங்க இழுக்குற மூச்சைத்தான் அந்தப் பெட்டியும் இழுத்துச்சுன்னு மேடம் விளக்கினாக. அப்பத்தான் உங்க முகம் மாறுச்சு. துண்டு சுத்தினதைப் பார்த்திருந்த போர்மேன் அண்ணாச்சி, பேசாதீகன்னு கண்ணைக் காட்டினார். திட்டத்தைக் கெடுத்துட்டீகன்னு உங்களை வேலையை விட்டு நிறுத்திருவாகளோன்னு பயந்து நானும் உங்க முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன்.

நீங்க எந்திரிச்சீக. "சார், தூசி படக் கூடாதுன்னு நான்தான் பெட்டிக்குத் துண்டு சுத்தினேன். அது இழுத்தது துண்டுக்குள்ள இருந்த காத்து. நான் இழுத்ததை இன்னும் யாரும் அளக்கலை."

அப்புறம் மேடம் மறுபடி அளந்துருவோம்னு சொன்னாக. உங்க வேலை போகலை. ஆனா மறுபடி அளக்க மூணு இடத்துலயும் கையெழுத்தாகி வரணுமே. ஒரு சீசன் போயிருச்சு. வேன் படி ஏறவே நீங்க என் தோளைப் பிடிச்சீக. பிறகு ஏற வரவே இல்லை.

அடுத்த தடவை பெட்டியை எனக்கு மாட்டினாக. மூடாம வச்சிருந்தேன். உங்க வருசத் திதி கழிஞ்சு மெஷின் வந்தது.

இப்ப மோட்டார் வெளியில ஓடுது, குழாய் மட்டும் உள்ள இருக்கு. இருமாம ஒரு கதையை முழுசாச் சொல்லி முடிக்க முடியுது மதினி. நல்ல கதை வந்தா எதிர்ல பார்த்துருவேன். அங்கன புதுசா ஒருத்தி இருக்கா.

காலையில மெஷினைப் போட்டதும் நான் உடனே மருந்தைத் தொடுறதில்லை. கையை மடியில வச்சுக்கிட்டு நல்லா மூச்சு இழுத்து விடுவேன். உங்களுக்குக் கிடைக்காதது, நீங்க கேட்டு வாங்கினது. அண்ணாச்சி வாசல்ல நின்னு பார்ப்பார். ஏன் சும்மா இருக்கேன்னு அவர் கேக்கிறதில்லை.