மிதவை மாட்டிய விமானம்

2026 ஜனவரி 4, ஞாயிறு

இன்றும் அவர் விழுப்புரம் போய்விட்டார். அங்கே பேங்கில் வேலை பார்க்கும் இசைவாணியின் ரிமோட் விமானத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டித் தரவேண்டுமாம், ஏரித் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறக்க. எங்கள் வீட்டில் விமானம் செய்வது அவர், ஓட்டுவது நான். தண்ணீரில் இறக்கிப் பார்க்கவேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டதும் நான்தான். "பாக்கலாம் கலை, பாக்கலாம்" என்று சொல்லியே இரண்டு மழைக்காலம் போனது. அவள் ஒரு தடவை கேட்டாள், ஓடுகிறார்.

அவரை அண்ணா என்று கூப்பிடுகிறாள். அதனால் சந்தேகப்படக்கூட வழியில்லை. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 7

எங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் மிஞ்சிய சன்போர்டு நுரை அட்டைத் துண்டுகளையும் அவளுக்கே கொண்டுபோயிருக்கிறார். நல்ல துண்டுகள்.

ஜனவரி 11, ஞாயிறு

பிரம்மதேசம் பக்கத்து ஏரி. அவள் விமானம் எழும்பவில்லை. படகு மாதிரி ஓடியதே தவிர மூக்கைத் தூக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷம் — எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்.

தப்பு பார்த்ததுமே தெரிந்தது. மிதவையின் அடியில் ஒரு படி வெட்டியிருக்கும். விரலில் ஏந்தினால் விமானம் சமமாக நிற்குமே, அந்த இடத்தை ஒட்டிப் படி வந்தால்தான் தண்ணீர் தன் பிடியை விடும். மிதவை மாட்டியதும் மூக்கு கனத்திருக்கிறது. பேட்டரியைப் பின்னால் நகர்த்தியிருந்தால் போதும். இவர் மிதவைகளையே பின்னால் தள்ளிவிட்டார், படியும் கூடவே போய்விட்டது. சக்கரம் வைத்தே செய்து பழகியவர்.

"எங்க தப்பு கலை? நீ பாத்துக்கினுதானே இருந்த?"

"தெரியலைங்க" என்றேன்.

"போவட்டும்க்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள் இசைவாணி. எனக்கு ஆறுதலாம்.

ஜனவரி 14

அவர் விட்டுவைத்த மிச்சத் துண்டுகளில் என் விமானத்துக்கு நானே மிதவை செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

ஜனவரி 17, சனி

பொங்கலுக்கு வல்லத்தில் மாமியார் வீடு. கடையில் ஆர்டர் இருக்கிறது என்று பொய் சொல்லி, நேற்றே நான் மட்டும் திண்டிவனம் திரும்பிவிட்டேன். காலையில் தனியாக ஏரிக்குப் போனேன்.

பறந்தது. தண்ணீரை உதறிக்கொண்டு எழும்பிப் பனைமரங்களுக்கு மேலே வட்டமடித்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை.

இறங்கியதும் நடு ஏரியில் மோட்டார் நின்றுவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது. விமானம் விடும் எங்கள் கூட்டத்தில் தெரிந்தவள் இசைவாணி ஒருத்திதான். வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டி, ஸ்கூட்டியில் லாரி ட்யூபைக் கட்டிக்கொண்டு வந்தாள். நீந்திப்போய் எடுத்துவந்து, கரையில் விமானத்தைக் கவிழ்த்தாள். படியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேட்டரி இருந்த இடத்தை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். செத்தேன் என்று நினைத்தேன்.

"தண்ணி ஜில்லுனு இருக்குதுக்கா" என்றாள். துவட்ட நான் நீட்டிய துண்டைக்கூட வாங்காமல், ஈரத்தோடு போய்விட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

அவர் வல்லத்திலிருந்து வந்துவிட்டார். இன்று அதே ஏரியில் இசைவாணியின் விமானம் எழும்பிவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"அக்காதான் போன் பண்ணி சொன்னாங்கண்ணா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "நீதானா?" என்றார்.

நான் சொல்லாததற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவளுக்கு இருக்கும் அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் இப்போது பொறாமை.