அறைக் காற்றை வைத்துப் போட்ட ஜீரோ

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. குன்னூரில் நாலைந்து நாளாக வெயிலே இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கிறது.

நான் செய்கிற வாயு அளக்கும் மிஷினின் லேசர் மறுபடி சண்டித்தனம். நான் எந்த வாயுவும் விடாமலே கார்பன் மோனாக்சைடு 60 என்று காட்டுகிறது. குளிரில் லேசரின் அலைநீளம் நகர்ந்து எண் தப்பாக வருகிறது போல. வெள்ளிக்கிழமை டீ பேக்டரியில், தேயிலை காய வைக்கும் ட்ரையர் அடுப்புக்கு மேலே இதை மாட்டியாக வேண்டும். நிறமில்லாத, வாசனையில்லாத வாயு. மிஷின் தவறினால் கீழே நிற்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது. நினைத்தாலே பயம்.

தலைவலி வேறு. வாங்க வேண்டியவை: மாத்திரை, பால், இன்சுலேஷன் டேப்.

ஜூலை 15, செவ்வாய்

கோவையிலிருந்து நைட்ரஜன் சிலிண்டர் வரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்ததாம். விஷ வாயு துளியும் இல்லாத சுத்தமான நைட்ரஜனை விட்டு, அதைத்தான் ஜீரோ என்று வைக்க வேண்டும். பொறுமை போய்விட்டது. அறைக் காற்றையே ஜீரோ என்று வைத்துவிட்டேன். 60 போய் 0. அப்பாடா.

கீழ் வீட்டுச் செல்வி பச்சைக் குழந்தையோடு மேலே வந்தாள்.

"ஏனுங்க்கா, இதுல என்னங்க தெரியும்?"

"காத்துல விஷம் இருந்தா காட்டும்."

"இப்பங்க?"

"ஜீரோ. சுத்தம்."

பெருமையாகத்தான் சொன்னேன். பயம் மட்டும் போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இன்னும் தலைவலி.

ஜூலை 17, வியாழன்



காலையில் சிலிண்டர் வந்தது. நைட்ரஜன் விட்டேன். மைனஸ் 60. இல்லாத வாயு, இல்லாததைவிடக் குறையுமா? லேசரைத் திட்டிக்கொண்டே ஸ்க்ரூடிரைவர் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. லேசர் சரி. அன்றைக்குக் காட்டிய 60 நிஜம். என் அறைக் காற்றில்தான் விஷம்.

என் அறையில் எதுவும் எரியவில்லை; வருவது கீழிருந்துதான். மிஷினைத் தூக்கிக்கொண்டு கீழே ஓட்டம். படியிலேயே எண் ஏறுகிறது. தட்டினேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினேன். கட்டில் பக்கத்தில் கரிச்சட்டி, கனன்று கொண்டு. அந்த விஷம்தான் பலகைத் தளத்தின் இடுக்கு வழியே என் அறைக்கும் வந்திருக்கிறது. செல்வி சுவரில் சாய்ந்து, வாய் திறந்து. துணிக்குள் குழந்தை. அசைவில்லை.

குழந்தையை வாரிக்கொண்டு மழையில் நின்றேன். அழு, அழு என்று கத்தினேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டார் செல்வியைத் தூக்கி வந்தார்கள்.

ஜீப்பில் போகும்போதுதான் செல்விக்குப் பேச்சு வந்தது.

"சுத்தம்னீங்களேக்கா. புள்ளைக்குக் குளிருதேன்னு மேல பலகையில இருந்த இடுக்கையும் துணி வெச்சு அடைச்சுட்டேனுங்க."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரி. மழை. செல்வி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கு இன்னும் ஆக்சிஜன். டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். அப்படி என்றால் என்ன என்று கேட்கத் தைரியம் இல்லை.

பேக்டரி மேனேஜர் போன். இரண்டு முறை. எடுக்கவில்லை.

செல்வியின் கணவர் வேலு வராந்தா பெஞ்சில். அதே பேக்டரியில் ட்ரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவர். வீட்டுக்குக் கரி கொண்டு வந்ததும் அங்கிருந்துதான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

"ஏனுங்க மேடம், எங்க ட்ரையருக்கு மேல மாட்டப் போறது சுத்தம்னு காட்டுன அதே மிஷினுங்களா?"

"ஆமா."

"அதுக்குக் கீழ நிக்கறது நானுங்க."