அரை டம்ளர் ஓட்ஸ்

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை.

மாண்புமிகு கிராம் துறை அமைச்சர் இனியா அக்கா அவர்களுக்கு,

உன் தங்கச்சி கவிநிலா கடுங்கோபத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. நீயும் ரொம்ப நலமா இருக்க வேணாம். உன் கல்யாண போட்டோவில் உன் மூஞ்சிக்குப் பதிலா ஓட்ஸ் பாக்கெட்டை ஒட்டி அனுப்பினதுக்கு என்னை பிளாக் பண்ணிட்ட. அதான் தபால். இதையும் பிளாக் பண்ணணும்னா புனே போஸ்ட்மேனோட சண்டை போடு.

அப்பாவுக்குச் சுகர்னு தெரிஞ்சதும் மூட்டை கட்டி ஓட்ஸ் அனுப்பின. காலையில நாப்பது கிராம், அதுக்கு மேல கூடாதுனு எனக்கு வாய்ஸ் மெசேஜ் வேற. நம்ம வீட்ல தராசு ஏதுன்னு கேட்டேன். இருநூறு மில்லி டம்ளர்ல அஞ்சுல ஒரு பங்கு போடு, இதுகூடத் தெரியாதா மக்குனு சொன்ன. மக்கு யாருன்னு இப்ப பாக்கலாம்.

உன் கணக்கு தண்ணிக்குச் சரி. ஓட்ஸ் என்ன தண்ணியா? நேத்து ஒரு டம்ளர் ஓட்ஸைப் பாஞ்சாலை அக்கா மளிகைக் கடை தராசுல கொட்டினேன். மொத்தமே எண்பது கிராம்தான். அப்போ நாப்பதுனா அரை டம்ளர். நீ சொன்ன அளவு பதினாறு கிராம். கோழிக்கே இதவிட ஜாஸ்தி போடுவாங்க. ஊரை விட்டுப் போனதும் வாய்ல கிராம் வந்துடுச்சு, மண்டைக்கு மட்டும் வரல.

அந்தக் கஞ்சியைக் குடிச்சு, மாத்திரையும் போட்டுக்கிட்டுதான் அப்பா தினமும் ஆட்டோ எடுத்தார். போன வாரம் அடி அண்ணாமலை கோயில்கிட்ட கண்ணு இருட்டி, வண்டி ஒரு கரும்புச்சாறு கடைக்குள்ள போய்தான் நின்னுச்சு. பின்னால கைக்குழந்தையோட ஒருத்தங்க. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. கடைக்கார வல்லரசு அண்ணன் திட்டிக்கிட்டே அப்பா வாயில சாறு ஊத்தினார். நீ சர்க்கரையே ஆகாதுன்ன மனுசனை அதான் எழுப்பி உட்கார வச்சது. சாப்பாடு பத்தாம மாத்திரை போட்டா சுகர் இப்படித்தான் இறங்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

அரை டம்ளர் போடுங்கப்பானு கத்தினேன். நம்பல. நான் அவர் ஹாரனைக் கழுதை கத்துற மாதிரி மாத்தினவ இல்லையா, இதுவும் என் சேட்டையாம். டம்ளர் பாதியில நெயில் பாலிஷ்ல கோடு போட்டு வச்சேன். சொரண்டி எடுத்துட்டார். இனியா எதையும் அளந்துதான் சொல்லுவாங்கிறார். கடைத் தராசு பொய்யாம், நீ நிஜமாம்.

நீ நிர்மல் மாமாவைக் கட்டிக்கிட்டுப் போன நாள்லருந்து நீயும் அப்பாவும் பேசிக்கிறதில்ல. உன்கிட்டருந்து அவருக்கு வந்த ஒரே பேச்சு அந்த நாப்பது கிராம். அதான் ஒரு சிட்டிகை கூடப் போட மாட்டேங்கிறார். இன்னிக்கும் அதே அளவுதான் குடிச்சுட்டு வண்டி எடுத்திருக்கார்.

எனக்குப் போன் பண்ணாத. உன் குரலைக் கேக்க இங்க யாரும் ஏங்கல. அவருக்குப் பண்ணு. மன்னிப்பு, அழுகை எதுவும் வேணாம். அரை டம்ளர்ப்பானு சொல்லு, போதும். அதுக்கப்புறம் சண்டை போடணும்னா போடுங்க, அவருக்கும் தெம்பு இருக்கும்.

காலையில அவர் அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள பண்ணு. பண்ணிட்டு நீ நல்லா இரு.

கோபம் கொஞ்சமும் குறையாத,
கவிநிலா