ஓடு பிரித்த வீடு

மயிலாப்பூர், நவம்பர் 1947

அன்பு லூயிசா,

குழந்தையோடு இப்போது புறப்படாதே. சைதாப்பேட்டையில் உன் அம்மாவிடமே இரு.

வீடு பிடிக்கும்போது கிணற்றைப் பார்த்தோம், அடுப்படியைப் பார்த்தோம். முன்பு குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரன் காலி செய்யச் சொன்னான்; சட்டம் விடாது என்று நான் சொன்னதும், நேற்று கொட்டும் மழையில் ஒரு கூலியாளைக் கூரையேற்றி ஓடுகளைப் பிரிக்கச் சொன்னான். புதுத் தொட்டில் நனைந்தது.

“இன்னா நைனா, வூட்டுக்குள்ளயே குளிச்சிக்கோ!” என்று மேலிருந்து சிரித்தான் கூலியாள். அவன் இறங்க ஏணியில் கால் வைத்ததும் ஏணியை இழுத்துத் தள்ளினேன். கிணற்றுக் கல்லில் மண்டை உடைந்தது. இன்னும் கண் திறக்கவில்லை.

குடை பிடித்து நின்ற வீட்டுக்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. போலீஸைக் கூட்டிவந்து வாசலில் நிற்கிறான். நான் போனதும் வீடு காலி. அவன் கேட்டதும் அதுதான்.

உன் கணவன்