நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் அண்ணியும் குட்டிப்பெண்ணும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்து என்னை வேலை வாங்குகிறாள். ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவளிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? மருந்துப் பாட்டில் லேபிளைக்கூட என்னைப் படிக்கச் சொல்லி, அதில் பிழை கண்டுபிடிக்கிறாள்.

நான்கு நாளாக உன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எனக்கு வாயால் சொல்ல வராது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். என் புது நாவலில் நீ இருக்கிறாய். அப்பா போன அன்று ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றும் நீ மேலே ஏறி வராதது இருக்கிறது. அம்மாவிடம் ரயில் லேட் என்று சொன்னதும் இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாய். யாரிடமும் மூச்சு விடாதே என்றாய். நான் அதை அச்சில் ஏற்றிவிட்டேன்.

அந்த மகன் மேலே ஏறி வருகிற மாதிரி ஆறு தடவை எழுதிப் பார்த்தேன் அண்ணா. ஒவ்வொரு தடவையும் பொய்யாக இருந்தது. அவனைக் கீழேயே நிற்க விட்டதும் அத்தியாயம் மளமளவென்று ஓடியது. எழுதும்போது நான் யாருக்குத் தங்கை என்பது மறந்துபோய்விடுகிறது. போன வாரம் நூலகத்தில் எழுத்தாளர் சந்திப்பு. கதையில் எவ்வளவு உண்மை என்று ஒருவர் கேட்டார். எல்லாம் கற்பனை என்று மைக்கில் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் இருந்த நாவலாசிரியர், மூன்று பாகத்துக்குக் குறையாமல் எழுதுகிறவர், என் காதருகே குனிந்து, "வீட்டு ஆளுங்களைப் பத்தி எழுதினா புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும்மா. வந்த பிறகு சொன்னா அது மன்னிப்பு இல்ல, விளம்பரம்" என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. முதல் வரைவில் எப்போதும் வீட்டுப் பெயர்களையே போட்டு எழுதுவேன். அப்போதுதான் எனக்கு முகம் தெரியும். முடித்த பிறகு எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். இந்தத் தடவையும் மாற்றினேன். ஆனால் கடைசி மெய்ப்பில், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். கைப்பழக்கத்தில், "வண்டு கீழேயே நின்றான்" என்று எழுதியிருக்கிறேன். அப்படியே அச்சாகிவிட்டது. வெளியே யாருக்கும் ஒன்றும் புரியாது. உன்னை வண்டு என்று கூப்பிட இன்று அம்மா ஒருத்திதான் மிச்சம்.

என் புத்தகங்களுக்கெல்லாம் அம்மாதான் மெய்ப்புப் பார்ப்பாள். இந்தத் தடவை அவள் கண் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வெளியே கொடுத்தேன். அவள் பார்த்திருந்தால் பிடித்திருப்பாள்.

இப்போது தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் அந்த நாவலில் பதினைந்து பக்கம் அவளுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வந்துவிடும். சோதித்துப் பார்க்க நேற்று ஒரு பத்தியைத் தாண்டினேன். "நடுவுல ஒரு பத்தி காணோமே, எங்க முழுங்கின?" என்றாள். வீட்டுப் பிரதியில் உன் பெயரைப் பேனாவால் அடித்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் அந்த இடத்தில் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். கூரியரில் போட்டால் இது உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும். கிடைத்த உடனே அம்மாவைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு அண்ணா. என் வாயால் அவள் கேட்க வேண்டாம்.

வியாழக்கிழமை

மேலே உள்ளதைக் கூரியரில் போடத் தைரியம் வரவில்லை. மேஜையிலேயே கிடந்தது. நேற்று அம்மா, "நல்லாப் போகுது, நிறுத்தாத" என்று பக்கம் பக்கமாகப் படிக்க வைத்துவிட்டாள். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். என்ன இருக்கிறது அங்கே என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். உன் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. அதற்கு முந்தின வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். "கடைசி வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்" என்று படித்தேன்.

"தப்புடி" என்றாள். "வாசலைப் பார்க்கல. ஜன்னலைப் பார்த்தாரு."

அன்று ஆஸ்பத்திரியில் வெயில் அடிக்கிறது என்று ஜன்னல் திரையை இழுக்கப் போனாளாம். கீழே சைக்கிள் ஸ்டாண்டில் பையோடு நீ நின்றாயாம். பையன் வந்துட்டான் என்று அப்பாவிடம் சொன்னாளாம். இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தச் சொல்லி அப்பா எட்டிப் பார்த்தாராம். அம்மா உன்னைக் கூப்பிடப் போனபோது, "இருக்கட்டும், கூப்பிடாத. அவனால தாங்க முடியாது. வந்துட்டான்ல, போதும்" என்றாராம். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாராம்.

இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல என்று கேட்டேன். "ரயில் லேட்டுன்னு சொன்னான். பிள்ளை சொல்றதை இல்லைன்னு நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள்.

பிறகு சிவப்புப் பேனா கேட்டாள். தன் விரலைப் பிடித்து அந்த வரியில் வைக்கச் சொல்லி, கறுப்புக் கண்ணாடியோடு, 'வாசலை' என்பதை அடித்து ஓரத்தில் 'ஜன்னலை' என்று கோணல் மாணலாக எழுதினாள். நான் அடித்து வைத்திருந்த உன் பெயரின் மேலும் அவள் விரலை வைத்தேன். அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தாள். அடித்தது செல்லாது, இருக்கட்டும் என்பதற்கு அவர்கள் தொழிலில் அதுதான் அடையாளம்.

அந்தப் பிரதியையும் இதோடு அனுப்புகிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. பன்னிரண்டாம் தேதி அம்மாவின் கறுப்புக் கண்ணாடியை எடுக்கிறார்கள். நம் வீடு மூன்றாவது மாடிதான், லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கும். பரவாயில்லை, கீழேயே நின்றுவிடாமல் ஏறி வா அண்ணா.

என்றும் உன் அன்புத் தங்கை